எதிரியின் ஏட்டில் இருந்த அடுக்களை

கல்லூரியில் வரலாறு பயிலும் சகோதரி ஒருவர் சென்ற மாதம் நீண்டதொரு மடல் விடுத்திருந்தார். சரித்திரக் கதை எழுத அவருக்கு ஆசை. எழுத்தாளர்களுக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது, எந்த நூல்களைப் பார்க்கிறார்கள், எவ்வளவு காலம் படித்தபின் எழுதத் தொடங்குகிறார்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார். இவ்வளவோடு நின்றிருந்தால் அஞ்சலட்டை ஒன்றில் விடை எழுதி அனுப்பியிருப்பேன். மடலின் அடியில் வேறொரு செய்தி இருந்தது. தாம் எழுதிய முதற் கதையை அவர் அத்தாவிடம் காட்டினாராம். பொறுமையாக வாசித்து முடித்த அத்தா, "நடந்ததை எழுதினால் வரலாறு. நடவாததை நடந்ததுபோல் எழுதினால் அது பொய்யல்லவா, மகளே? பொய்க்கு நம் மார்க்கத்தில் ஏது இடம்?" என்று கேட்டுவிட்டுத் தாள்களை மடித்துக் கொடுத்துவிட்டாராம். அன்று மூடிய பேனாவை அந்த மகள் இன்னும் திறக்கவில்லை.

அந்தத் தந்தையாரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டது நேர்மையான கேள்வி. சரித்திர நாவலில் வரும் இளவரசியின் பெயரைத் தம் பெண்ணுக்குச் சூட்டி, அப்படியொரு இளவரசி மெய்யாகவே வாழ்ந்தாள் என்று நம்பிக்கொண்டிருக்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. ஆகவே இம்மாதப் பக்கத்தை அம்மகளுக்கும் அவருடைய அத்தாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கதைக்கும் வரலாற்றுக்கும் இடையே வேலி போடுவதில் நம் மொழியே சற்றுத் தாமதம் காட்டிற்று. 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலுக்குப் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்று பெயர். 1885இல் கண்டி சித்திலெப்பை அவர்கள் எழுதிய, நம்மவர் படைத்த முதல் நாவலும் 'அஸன்பே சரித்திரம்' என்றே வழங்கலாயிற்று. இரண்டிலும் வரும் நாயகர்கள் ஆசிரியர்களின் கற்பனையில் பிறந்தவர்கள். எனினும் பெயர் சரித்திரம்! அக்காலத்தில் அச்சொல் இரண்டுக்கும் பொதுவாக நின்றது. மயக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

கரு எங்கிருந்து பிறக்கிறது என்ற முதற்கேள்விக்கு வருவோம். சிலருக்கு அது சினத்தில் பிறக்கிறது. லக்னோ நகரில் வாழ்ந்த உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர் (1860-1926), ஆங்கில நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1825இல் எழுதிய 'டாலிஸ்மன்' என்னும் சிலுவைப் போர்க்காலக் கதையைப் படித்தார். அதில் முஸ்லிம்கள் சித்திரிக்கப்பட்ட விதம் அவர் நெஞ்சை உறுத்தியது. மறுப்புரை எழுதி ஓய்ந்துவிடாமல், கதைக்குக் கதையாலேயே பதில் சொல்ல முனைந்தார். தாம் நடத்திய 'தில்குதாஸ்' இதழில் 1888இல் 'மலிக்குல் அஸீஸ் வர்ஜினா' என்ற நாவலைத் தொடராக வெளியிட்டார். உருதுவில் சரித்திர நாவல் என்ற வகை வேரூன்றியது இவ்வாறுதான்.

வேறு சிலருக்குக் கற்பிக்கும் ஆசையே கருவாகிறது. பெய்ரூத்தில் பிறந்து கெய்ரோவில் குடியேறிய அரபுக் கிறிஸ்தவர் ஜுர்ஜி ஸைதான், 1892இல் 'அல்ஹிலால்' இதழைத் தொடங்கினார். இஸ்லாமிய வரலாற்றைச் சாமானிய மக்களுக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்று 1914இல் இறக்கும்வரை இருபதுக்கு மேற்பட்ட சரித்திர நாவல்களை எழுதினார். வரலாறே முதன்மை, கதை அதற்கு ஊழியம் செய்ய வந்தது என்பது அவர் கொள்கை. ஆயினும் அவர் எழுத்தில் காதல் ஓங்கி நிற்கிறது, முதற்கால முஸ்லிம்களின் வாழ்வில் இல்லாததையெல்லாம் புகுத்துகிறார் என்ற கண்டனங்கள் அன்றே எழுந்தன. அவற்றில் நியாயமும் உண்டு.

சினமும் கற்பிக்கும் ஆர்வமும் நல்ல தூண்டுகோல்களே. ஆனால் அவை இரண்டும் எழுத்தாளரை அரண்மனைக்கே இழுத்துச் செல்கின்றன. சினம் கொண்டவர் வாளேந்திய வீரனைத் தேடுகிறார். கற்பிக்க வந்தவர் மன்னர்களின் வரிசையைத் தேடுகிறார். சாதாரண முஸ்லிமின் வீடும், அவ்வீட்டின் அடுக்களையும், கிணற்றடியும், பிள்ளைகள் ஓதிய திண்ணையும் கதைக்குள் வருவதே இல்லை. அவற்றைக் கொண்டுவந்த ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ரள்வா ஆஷூர் அவர்கள் 1946இல் கெய்ரோவில் பிறந்தவர். அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மக்களின் இலக்கியத்தை ஆராய்ந்து 1975இல் டாக்டர் பட்டம் பெற்றவர். கெய்ரோவின் ஐனு ஷம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியையாகப் பணியாற்றி, 2014இல் காலமானார். கணவர் முரீத் அல்பர்கூத்தி பாலஸ்தீனக் கவிஞர். 1977இல் எகிப்து அரசு அவரை நாடு கடத்தியது. அப்போது அவர்களின் மகன் கைக்குழந்தை. பிறகு பல ஆண்டுகள் கணவர் ஒரு நாட்டிலும் மனைவியும் மகனும் இன்னொரு நாட்டிலுமாக அக்குடும்பம் வாழ நேர்ந்தது. நாட்டைவிட்டுத் துரத்தப்படுவது என்றால் என்ன என்பதை அவ்வம்மையார் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருக்கவில்லை.

1991 ஜனவரியில் பக்தாத் மீது குண்டுமழை பொழிந்தது. தொலைக்காட்சியில் அதைக் கண்டுகொண்டிருந்தபோது ஆடையற்ற பெண்ணொருத்தியின் உருவம் தம் மனக்கண்ணில் எழுந்ததாகவும், அழிவின் விளிம்பில் நிற்கும் அச்சம் தம்மைப் பற்றிக்கொண்டதாகவும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே அழிவைச் சந்தித்த ஒரு நகரத்தின் நினைவு அவருக்கு வந்தது. அந்த நகரம் கிரானடா. அரபியர் வழக்கில் கர்னாத்தா. அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார். 1994இல் 'கர்னாத்தா' வெளிவந்தது. அடுத்த ஆண்டே 'மர்யமா', 'பயணம்' என்ற பொருள்படும் 'அர்ரஹீல்' ஆகிய இரு தொடர்ச்சிகளும் வந்தன. முதற்பகுதி 2003இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

பாருங்கள், கரு பழைய நூலிலிருந்து வரவில்லை. இன்றைய காயத்திலிருந்து வந்தது. அந்தக் காயத்தோடு அவர் பழைய நூலிடம் போனார். கரு கிடைக்காமல் நூலகத்தில் அலைவோர் பெரும்பாலும் காயம் ஏதுமின்றிப் போனவர்களே.

கிரானடாவின் கதை நம் வாசகர்கள் ஓரளவு அறிந்ததே. 1491 நவம்பரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1492 ஜனவரி 2ஆம் நாள் கடைசி அரசர் அபூ அப்துல்லாஹ் நகரின் திறவுகோல்களை ஸ்பானிய மன்னரிடம் ஒப்படைத்தார். முஸ்லிம்கள் தம் மார்க்கத்தையும் பள்ளிவாசல்களையும் காஜிகளையும் சொத்துக்களையும் காத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கை கூறியது. அந்த வாக்கு பத்தாண்டுகூடத் தாங்கவில்லை. 1499இல் தொலேதோவின் தலைமைப் பேராயர் ஸிஸ்னரோஸ் கிரானடாவுக்கு வந்து சேர்ந்தார். கட்டாய மதமாற்றம் தொடங்கியது. அல்பையாஸீன் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதையே காரணம் காட்டி உடன்படிக்கை செல்லாது என்றனர். பாபுர் ரம்லா சதுக்கத்தில் அரபு நூல்கள் மலைபோல் குவிக்கப்பட்டுக் கொளுத்தப்பட்டன. திருக்குர்ஆன் பிரதிகளும் அவற்றில் இருந்தன. மருத்துவ நூல்கள் சிலவற்றை மட்டும் தாம் அல்கலாவில் நிறுவிய பல்கலைக்கழகத்துக்கென ஒதுக்கிக்கொண்டார் அப்பேராயர்.

எத்தனை நூல்கள் எரிந்தன? ஐயாயிரம் என்பார் உண்டு. பத்து லட்சம் என்பாரும் உண்டு. நம் சொற்பொழிவாளர்கள் தயங்காமல் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வார்கள். ரள்வா ஆஷூர் வேறொன்று செய்தார். அந்தத் தீயின் முன் முதியவர் ஒருவரை நிறுத்தினார். அவர் பெயர் அபூ ஜஃபர். நூல்களுக்கு அட்டை கட்டும் வர்ராக். அதுவே அவர் தொழில், அதுவே அவர் வாழ்வு. தம் கைகளால் தைத்துத் தோல் போர்த்திய நூல்கள் எரிவதைக் கண்டு வீடு திரும்பியவர் அன்றிரவே உயிர் நீக்கிறார். இறந்துபோன மகன் விட்டுச்சென்ற பேரன் ஹஸனும் பேத்தி ஸலீமாவும் அவ்வீட்டில் வளர்கிறார்கள். ஸலீமாவுக்கு நூல் என்றால் உயிர். மருத்துவம் கற்று நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிறாள். அந்தக் கல்விக்காகவே விசாரணை மன்றம் அவளைக் குற்றவாளியாக்கி எரித்துக் கொல்கிறது. ஹஸனின் மனைவி மர்யமா, புத்தியாலும் சொல்லாலும் குடும்பத்தைக் காத்து நிற்பவள். அரசரும் பேராயரும் பெரும்பாலும் இக்குடும்பத்தார் பேச்சில் வந்துபோகும் பெயர்களே.

இங்கேதான் நம் மகளின் இரண்டாம் கேள்விக்கு இடம் வருகிறது. அரசர்களைப் பற்றி எழுத வரலாற்று நூல்கள் உண்டு. ஓர் அட்டை கட்டுபவரின் வீட்டைப் பற்றி எழுத ஏது ஆதாரம்? அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், எப்போது குளித்தார்கள், குழந்தைக்கு எப்படிப் பெயரிட்டார்கள் என்று யார் எழுதி வைத்தார்கள்?

விடை வியப்பளிப்பது. எழுதி வைத்தவர்கள் அவர்களின் எதிரிகளே!

ஞானஸ்நானம் திணிக்கப்பட்ட முஸ்லிம்களை ஸ்பானியர் 'மோரிஸ்கோ' என்று அழைத்தனர். அவர்கள் உள்ளூர முஸ்லிம்களாகவே வாழ்கிறார்களா என்று கண்டறிவது சமய விசாரணை மன்றத்தின் வேலை. 1526இல் கிரானடாவிலேயே அம்மன்றம் அமைந்தது. மன்றத்தின் கட்டளைப் பத்திரம் தேவாலயங்களில் உரக்க வாசிக்கப்படும். இன்னின்ன பழக்கம் உள்ளவர் எவரையேனும் அறிந்தால் வந்து சொல்லுங்கள், சொல்லாவிட்டால் நீங்களும் குற்றவாளிகள் என்பது அதன் சாரம். பழக்கங்களின் பட்டியலைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை தூய சட்டை அணிதல். பன்றி இறைச்சியை மறுத்தல். மது அருந்தாமை. ரமளானில் பகல் முழுதும் பட்டினி இருந்து இரவில் உண்ணுதல். கிப்லாவை நோக்கி அறுத்தல். கைகளில் மருதாணி இடுதல். மய்யித்தைப் புதிய துணியில் கஃபனிட்டு அடக்குதல். உளூச் செய்தலையும் அவர்கள் விடவில்லை; அச்சொல்லையே 'குவாதோக்' என்று தங்கள் நாவுக்கேற்பச் சிதைத்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

அண்டை வீட்டார் சாட்சி சொன்னார்கள். வேலைக்காரப் பெண்கள் சொன்னார்கள். சில வேளைகளில், அச்சத்தில், பெற்ற பிள்ளைகளே சொன்னார்கள். எழுத்தர் ஒவ்வொரு சொல்லையும் தாளில் பதிந்தார். எந்த நாள், எந்த நேரம், எந்தப் பாத்திரத்தில், யாரோடு உண்டாள் என்பதுவரை பதிந்தார். மாட்ரிட் தேசிய ஆவணக் காப்பகத்திலும் குவென்கா மறைமாவட்டக் காப்பகத்திலும் இன்றும் அவை கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஒரு சமுதாயத்தை அழிக்க எழுதிய ஏடு, அச்சமுதாயத்தின் அடுக்களையைக் காத்து வைத்திருக்கிறது. தன் வீட்டு வழக்கத்தை எழுதி வைக்க அந்தத் தாய்க்கு வாய்ப்பில்லை, எழுதினால் உயிர் போகும். அவளைக் காட்டிக்கொடுத்த சாட்சியின் வாக்குமூலத்தில்தான் அவள் இன்று உயிரோடு நிற்கிறாள்.

அந்த ஏட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வாக்குமூலங்களில் பல சித்திரவதையில் பெறப்பட்டவை. சில பகைமை காரணமாகச் சொல்லப்பட்டவை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரை நிறுத்துப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். யார் சொன்னார், யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா, அவருக்குப் பகை உண்டா என்று தூண்டித் துருவுவார்கள். சரித்திரக் கதை எழுத அமர்பவருக்கு அந்தப் பயிற்சி பெரிதும் உதவும். வேறெந்தச் சமுதாயத்து எழுத்தாளருக்கும் கிட்டாத உரைகல் அது. அதை மறந்துவிட்டுத் திரைப்படத்தில் கண்ட குதிரை வீரர்களை வைத்து எழுதுகிறோமே என்பது என் நீண்டகால ஆதங்கம்.

மோரிஸ்கோக்களின் குரலே நேரடியாகக் கேட்கும் இடங்களும் உண்டு. 1567 ஜனவரி முதல் நாள் கிரானடாவில் ஓர் அரசாணை அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள் அரபு பேசுவதை விட்டுவிட வேண்டும். பெண்கள் முகத்திரை அணியக் கூடாது. குளியலறைக் கூடங்கள் இடிக்கப்படும். வெள்ளிக்கிழமைகளிலும் விழா நாட்களிலும் வீட்டுக் கதவுகளைத் திறந்தே வைக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை வாசித்தபோது நான் ஏட்டை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். கதவைத் திறந்து வைக்கச் சொன்ன அதிகாரிக்குத் தெரியும், அந்தச் சமுதாயத்தின் பள்ளிவாசல் வீட்டுக்குள் குடிபுகுந்துவிட்டது என்று.

அந்த ஆணைக்கு எதிராக ஃபிரான்ஸிஸ்கோ நூனெஸ் முலே என்ற முதியவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். மோரிஸ்கோ பிரபு குடும்பத்தவர். சிறுவனாக இருந்தபோது கிரானடாவின் முதல் பேராயரிடம் பணியாளாக இருந்தவர். அவர் வாதம் நுட்பமானது. உடையும் மொழியும் ஊருக்குரியவை, மதத்துக்குரியவை அல்ல. கீழைநாட்டுக் கிறிஸ்தவர்கள் அரபு பேசுகிறார்கள், மால்டாத் தீவினரும் அவ்வாறே. அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லையா? புதிய உடை தைக்க ஏழைப் பெண்கள் எங்கே போவார்கள்? அழுக்கைக் கழுவும் குளியலறையில் என்ன குற்றம் கண்டீர்கள்? விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அடுத்த ஆண்டு மலைப்பகுதியில் பெருங்கிளர்ச்சி வெடித்து, 1571இல் அடக்கப்பட்டது. கிரானடாவின் மோரிஸ்கோக்கள் வேற்றூர்களுக்குச் சிதறடிக்கப்பட்டார்கள். 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் ஸ்பெயினைவிட்டே துரத்தப்பட்டனர்.

இன்னொரு சான்று மார்க்க அறிஞரிடமிருந்து வந்தது. 1504இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வஹ்ரானைச் சார்ந்த முஃப்தி ஒருவர் அந்த மக்களுக்கு ஃபத்வா எழுதி அனுப்பினார். பகலில் தொழ இயலாவிட்டால் இரவில் தொழுங்கள், சைகையாலேனும் தொழுங்கள், தண்ணீருக்கு வழியில்லையேல் சுவரைத் தடவித் தயம்மும் செய்யுங்கள், விலக்கப்பட்டதை உண்ணக் கட்டாயப்படுத்தினால் உள்ளத்தால் வெறுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் அமைந்தது அது. ஒரு கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? சுவரைத் தடவும் அந்த ஒரு கை போதும். அந்தக் கை யாருடையது, அவள் வாசற்பக்கம் எத்தனை முறை திரும்பிப் பார்த்தாள் என்பது ஃபத்வாவில் இல்லை. அதை எழுதுவதே கதாசிரியரின் வேலை.

அபூ ஜஃபரின் குடும்பம் எஞ்சிய நூல்களை மறைத்து வைப்பதாக நாவலில் வருகிறது. வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1884இல் ஸரகோஸா மாநிலத்தின் அல்மொனாஸித் என்னும் சிற்றூரில் பழைய வீடொன்றை இடித்தபோது பொய்த்தளம் ஒன்று வெளிப்பட்டது. அதன் அடியில் கையெழுத்துச் சுவடிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. 1610 வாக்கில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் என்றாவது திரும்பிவருவோம் என்று மறைத்துவிட்டுப் போனவை. எவரும் திரும்பவில்லை. அச்சுவடிகளின் மொழி ஸ்பானியம், எழுத்து அரபு. அரபு மொழி மறந்துபோன பின்னும் குர்ஆனின் எழுத்தை விட மனமில்லாமல் தாய்மொழியை அவ்வெழுத்தில் எழுதிக்கொண்டார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளை நம் பாட்டிமார் மடியில் வைத்து ஓதியதைக் கண்டவர்களுக்கு இது அயலார் செய்தியாகத் தோன்றாது.

ஸ்பானியரின் பெருங்காவியமான 'தோன் கிஹோத்தே'யிலேயே இதன் நிழல் விழுந்திருக்கிறது என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன். 1605இல் வெளிவந்த அதன் முதற்பாகத்தில் செர்வாண்டிஸ் ஒரு வேடிக்கை செய்கிறார். இக்கதை தாம் எழுதியதன்று, தொலேதோ கடைத்தெருவில் விலைக்கு வாங்கிய அரபுத் தாள்களில் இருந்தது, மோரிஸ்கோ ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்தேன் என்கிறார். கூலி பணமன்று, உலர்திராட்சையும் கோதுமையும்! வெளியேற்றம் நிகழ்வதற்குச் சில ஆண்டுகளே இருந்த காலம் அது. 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில், துரத்தப்பட்ட மோரிஸ்கோ ஒருவர் மாறுவேடத்தில் சொந்த ஊருக்குத் திரும்பி வருகிறார்.

இனி அத்தாவின் கேள்வி. கற்பனைக் கதை பொய்யாகுமா?

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. பஸராவின் அல்ஹரீரீ (1054-1122) எழுதிய 'மகாமாத்' மத்ரஸாக்களில் பாடநூலாக ஓதப்பட்டு வருவது. அதில் வரும் அபூ ஸைத் கற்பனை மனிதர். நூலின் முன்னுரையிலேயே அல்ஹரீரீ இந்த ஆட்சேபணையை எதிர்கொள்கிறார். விலங்குகள் பேசுவதாக அமைந்த கதைகளை எந்த அறிஞரும் பொய்யென்று ஒதுக்கவில்லையே, எண்ணத்தைக் கொண்டல்லவா செயல் மதிக்கப்படுகிறது என்பது அவர் வாதத்தின் போக்கு. கதை என்று அறிவித்துச் சொல்லப்படும் கதை எவரையும் ஏமாற்றுவதில்லை. ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்றால், கதையை வரலாறு என்று கையில் கொடுக்கும் இடத்தில்.

ஆகவே அத்தாவின் எச்சரிக்கை முழுதும் தவறன்று. இடம் மாறி விழுந்திருக்கிறது, அவ்வளவே. ஸலீமாவைப் படைக்க ரள்வா ஆஷூருக்கு உரிமை உண்டு. பாபுர் ரம்லா தீயை மூட்டவோ அணைக்கவோ உரிமை இல்லை. அந்தத் தீ நடந்தது. மெய்யாக வாழ்ந்த மனிதரின் வாயில் அவர் சொல்லாத சொல்லை வைப்பது கூசிச் செய்ய வேண்டிய காரியம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் குறித்தும் ஸஹாபாப் பெருமக்களைக் குறித்தும் ஆதாரமின்றி ஒரு சொல்லையும் சேர்க்க எவருக்கும் உரிமை இல்லை. அந்த வாசலில் பேனா நின்றுவிட வேண்டும். நம் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுமுன் மார்க்க அறிஞரை நாடி, வரலாற்றை உரைநடையில் பெற்றுக்கொண்ட பின்னரே கவி தொடுத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. அவருக்குக் கற்பனை வளம் குறைவாகவா இருந்தது?

நம் இதழ்களில் தொடர்கதையாக வந்த சரித்திர நாவல்கள் பலவற்றின் மீது எனக்குள்ள குறையும் இதுவே. நாயகன் ஆயிரம் பேரை வெட்டி வீழ்த்துகிறான். மாற்று மதத்து இளவரசி அவன் அழகில் மயங்கிக் கலிமாச் சொல்கிறாள். இடையிடையே ஆண்டுகள் மட்டும் சரியாகக் குறிக்கப்படுகின்றன. ஆண்டு சரியாக இருப்பதால் வாசகர் அனைத்தும் சரியென்று நம்பிவிடுகிறார். அவற்றை ஆவலோடு படித்து வளர்ந்தவன்தான் நானும். அந்த நன்றியை மறக்கவில்லை. ஆனால் அந்த நாவல்கள் எதிலும், வெள்ளிக்கிழமை கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளறையில் சுவரைத் தடவிய பெண்ணை நான் சந்தித்ததில்லை.

மகளே, எவ்வளவு காலம் படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பக்தாத் மீது குண்டு விழுந்ததற்கும் 'கர்னாத்தா' வெளிவந்ததற்கும் இடையே மூன்று ஆண்டுகள். அவர் இலக்கியம் போதித்த பேராசிரியை. நமக்குக் கூடுதலாகவே தேவைப்படும்.

உங்கள் மடலில் நீங்கள் பெரிதாகக் கருதாமல் எழுதிய வரியொன்று உண்டு. கதையை நீங்கள் அனுப்பவில்லை. ஆனால் அது ஸ்பெயின் நாட்டு வீரர் ஒருவரைப் பற்றியது என்றும், உங்கள் பூட்டனார் ரங்கூனில் கடை வைத்திருந்து, 1942இல் கால்நடையாக ஊர் திரும்பினார் என்று நன்னி சொல்வார்கள் என்றும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். அதன்பின் பல லட்சம் இந்தியர் பர்மாவைவிட்டு வெளியேறினர். மலைவழியே நடந்தவர்களில் பல்லாயிரவர் பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டனர். அரசாங்கக் கோப்புகளில் அவர்கள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். உங்கள் பூட்டனார் அந்த எண்ணிக்கையில் ஒருவர்.

அவர் எந்த வழியாக வந்தார், உடன் வந்தவர் யார், வராமல் போனவர் யார், ரமளான் மாதம் அந்த ஆண்டு செப்டம்பரில் வந்ததே, அதற்குள் வீடு வந்து சேர்ந்தாரா? நன்னிக்கு நினைவிருக்கும்போதே கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நன்னி சொன்னது ஒரு தாளிலும், நீங்கள் ஊகித்தது வேறொரு தாளிலும் இருக்கட்டும். இரண்டையும் அத்தாவிடம் காட்டுங்கள். அவருடைய பாட்டனாரின் கதை அது. இம்முறை தாள்களை அவ்வளவு விரைவில் மடித்துக் கொடுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

ரங்கூனிலிருந்து வந்த தகரப்பெட்டி ஒன்று பரணில் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று எழுதவில்லையே.